தேரிப் புழுதி
சென்ற சித்திரையில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி திரும்புகையில் லாரியொன்றை முந்த முனைந்தோம். எங்கள் டீசல் கார் இழுக்கவில்லை. எதிரே பேருந்து, பின்னிருக்கையில் பிள்ளைகள். பிரேக் மிதித்து, லாரியின் பின்னால் ஒதுங்கிப் பிழைத்தோம்.

மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். இன்டர்கூலரின் தகடுகளுக்கிடையே தேரிச் செம்புழுதி அப்பிக் கிடந்தது. டர்போ இருமடங்கு அழுத்தும் காற்று, நம் கோடையில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். 130 டிகிரியிலிருந்து 55க்குத் தணித்தால், அதே அழுத்தத்தில் அடர்வு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். தணியாவிடில் எஞ்சினுக்குப் போதிய உயிர்வளியில்லை.

“தண்ணிய வேகமா அடிக்கப்பிடாது சார், தகடு மடங்கிரும்” என்றபடி மெல்லக் கழுவினார்.

வாரந்தோறும் காரின் மேனியைத் துடைத்துப் பளபளப்பாக்கிய நாங்கள், உள்ளே காற்று தணியும் இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.