காசா, காதா? நூறு ரூபாய் சாம்ப்ளரும் தறிக்காரர் காதும்

1/ நூறு ரூபாய்க்கு முன்னபின்ன கிடைக்கிற ஒரு குட்டி போர்டை வெச்சு வீட்லயே லோ-ஃபை சாம்ப்ளர் செய்யலாம். பொழுதுபோக்குக்கு நல்லா இருக்கும். கூடவே, தறி ஓட்டறவங்க காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்க காதாலயே கேக்கலாம். பல்லடம், மங்கலம், சோமனூர் பக்கம் இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ சாம்ப்ளர்னா ஒரு சத்தத்தைப் பதிஞ்சு, பட்டனைத் தட்டறப்பெல்லாம் திரும்ப ஒலிக்கிற கருவி. 1987ல வந்த ஈ-மு எஸ்பி-1200ல மொத்தமே 10 செகண்ட்தான் பதிய முடியும். அதோட கரகரப்பான சத்தத்துக்காகவே ஹிப்-ஹாப்காரங்க அதைக் கொண்டாடினாங்க.

3/ நமக்கு ஐஎஸ்டி 1820 மாட்யூல் போதும். மைக்கும் மூணு பட்டனும் போர்டுலயே இருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சுப் பேசினா பதியும். ரெண்டாவதைத் தட்டினா முழுசா ஓடும். மூணாவதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் மட்டும் ஓடும். ஒரு சின்ன ஸ்பீக்கர், மூணு ஏஏ செல். செல்லைக் கழட்டினாலும் பதிஞ்சது அழியாது. நாலு மாட்யூலை ஒரு டப்பாவுல வெச்சா நாலு சத்தம்.

4/ சூட்சுமம் ஒரு ரெசிஸ்டர்ல இருக்கு. 80 கிலோ ஓம் போட்டா 8 செகண்ட் பதியும், 3.4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். 160 போட்டா 16 செகண்ட், ஆனா 1.7க்கு மேல எல்லாம் காலி. அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டு 82 கிலோ ஓம் ஒண்ணும், 100 கிலோ ஓம் திருகு ஒண்ணும் வரிசையா மாட்டுங்க. ஓடும்போது திருகினா கார்ட்டூன் குரல்!

5/ இப்ப சோதனை. ஓம் கூடற பக்கமா முழுசாத் திருகி வெச்சு, 'காசு', 'காது'ன்னு மாத்தி மாத்திப் பதிஞ்சு வீட்ல இருக்கறவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. யார் குரல்னு தெரியும். சத்தமும் பத்தும். ஆனா காசா, காதான்னு திணறுவாங்க. உயிரெழுத்தோட பலம் கீழ் அலைவரிசையில இருக்கு. 'சு'வோட உரசல் மேல இருக்கு, அதைத்தான் சிப் வெட்டிடுச்சு.

6/ ஓபிக்கு வர்ற தறிக்காரங்க சொல்றதும் இதேதான்: "சத்தம் கேக்குதுங்க டாக்டர், பேசறதுதான் புரிய மாட்டேங்குது." வீட்ல 'வேணும்கறது மட்டும் கேக்கும்'னு கிண்டல் வேற. இரைச்சல் முதல்ல அடிக்கிறது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அதனாலதான் ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரியறதில்ல.

7/ நாடா அடிக்கிற தறிக்கூடத்துல 90 டெசிபல் தாண்டறது சாதாரணம். உள்காதுல இருக்கற மயிர்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் இதையும் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியல்ல வெச்சுது. ஆனா கரண்ட்ல ஓடற இடத்துல 10 பேராவது வேலை செஞ்சாத்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையா இருந்துச்சு. நாலு தறி ஓடற வீட்டுக்கூடம் எந்தக் கணக்குல வரும்?

8/ இந்த டப்பா காது டெஸ்ட் இல்ல. சந்தேகம் இருந்தா இஎன்டி டாக்டரைப் பார்த்து ஆடியோகிராம் எடுங்க. கூடத்துல காதடைப்பான் போடுங்க. வெறும் பஞ்சு போதாது. தினமும் போடணும், சின்ன வயசுலயே ஆரம்பிக்கணும்.

9/ வீட்ல இருக்கறவங்களுக்கு: கத்தாதீங்க. கத்தினா உயிரெழுத்துதான் பெருசாகும். டிவியை அணைச்சுட்டு, முகத்துக்கு நேரா, நிதானமாப் பேசுங்க. அது போதும்ங்க.