கோவில் வேன் ரிப்பேர் பில் – நடந்தது இதுதான்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. போன மாசம் நம்ம கோவில் வேன் ரிப்பேர் பில் ஒன்னு புலனக் குழுக்கள்ல சுத்தினதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. சனிக்கிழமை அன்னதானத்துக்கு வந்த சிலர் நேராவே கேட்டாங்க, "என்னப்பா, கோவில் காசுல ஒருத்தன் வயிறு வளர்த்துட்டானாமே?" அன்னைக்கு பதில் சொல்ல முடியல. இப்ப விஷயம் முடிஞ்சதால நடந்ததை அப்படியே எழுதுறோம். பட்டறை பேரை இங்க போடல. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க கேட்க வேணாம். எழுதலாமான்னு அந்தப் பட்டறைக்கார அண்ணன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதுறோம்.

நம்ம வேன் பழைய டொயோட்டா ஹையேஸ். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், வயசானவங்களை ஏத்தி இறக்குறது எல்லாம் அதுலதான். லிட்டில் இந்தியாவுல பூஜைச் சாமான் வாங்கிக்கிட்டு பட்டர்வொர்த் பக்கம் திரும்பி வரும்போது பினாங்குப் பாலத்து மேட்டுல வண்டி இழுக்கல. எண்ணெயை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ஏதோ கருகுற வாடை வேற. கிளட்ச் போயிருச்சுன்னு வண்டி ஓட்டின தம்பிக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. பின்னால ஹாரன் அடிச்சவங்களுக்கு எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே ஒரு வழியா கரை சேர்ந்தாங்க.

மறுநாள் பட்டறையில விட்டோம். அந்த அண்ணன் நம்ம கோவிலுக்கு வர்றவர்தான். பார்த்துட்டு, "கிளட்ச் செட்டு, கியர் எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளிக்குள்ள வரும்"னு சொன்னார். சரின்னுட்டோம். எழுதி வாங்கல. நம்ம ஆளுதானே, எழுதிக் கேட்டா நல்லா இருக்காதுன்னு ஒரு கூச்சம்.

அடுத்த நாள் மதியம் அங்கிருந்து போன். கியர்பாக்ஸை இறக்கிட்டாங்களாம், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல்ல கசிவாம், கியர்பாக்ஸ் தாங்குற மௌண்டிங்கும் கிழிஞ்சிருக்காம். "இப்பவே மாத்திடவா?" அந்தப் போனை எடுத்தது நாங்கதான். தொழிற்சாலையில ஒரு மிஷின் நின்னு போய் தலைக்கு மேல வேலை ஓடிக்கிட்டு இருந்த நேரம். "செஞ்சிடுங்கண்ணே"ன்னு சொல்லி வச்சிட்டோம். எவ்வளவு ஆகும்னு ஒரு வார்த்தை கேட்கல. இதை முதல்லயே எழுதிடறோம், ஏன்னா பின்னால வந்த குழப்பத்துல பாதி அந்த ஒரு நிமிஷத்துல ஆரம்பிச்சது.

பில் 1,820 வெள்ளி. சனிக்கிழமை அன்னதானத்துக்கு வண்டி வேணும்கிறதால கட்டிட்டு எடுத்து வந்துட்டோம்.

நம்ம பொருளாளர் அக்காவை உங்களுக்குத் தெரியும். கற்பூரம் வாங்கின ரசீதைக் கூட ரெண்டு தடவை படிப்பாங்க. அவங்கதான் பில்லைப் பார்த்துட்டுக் கேட்டாங்க, "ஏன் தம்பி, கியர்பாக்ஸை ரெண்டு தடவையா இறக்குனாங்க?"

பார்த்தா, கிளட்ச் மாத்தின கூலி 380 வெள்ளி, கியர்பாக்ஸ் இறக்கி ஏத்துறது உட்பட. அடுத்த வரியில ஆயில் சீல் மாத்தின கூலி 320 வெள்ளி, அதுக்கும் கியர்பாக்ஸ் இறக்கி ஏத்துறது உட்பட. மூனாவதா மௌண்டிங் மாத்தின கூலி 80. கூலி மட்டும் 780 வெள்ளி.

வண்டி வேலை தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கணும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுலதான் கிளட்ச் இருக்கு. அதை மாத்தணும்னா கியர்பாக்ஸைக் கீழ இறக்கியே ஆகணும். பெரிய வேலையே அந்த இறக்கி ஏத்துறதுதான். கிளட்சைக் கழட்டி, அதுக்குப் பின்னால இருக்கிற ஃப்ளைவீலையும் கழட்டினா அந்த ஆயில் சீல் கண்ணு முன்னால நிக்கும். அதனாலதான் கிளட்ச் மாத்தும்போதே சீலையும் மாத்திடுங்கன்னு நல்ல மெக்கானிக்குகளே சொல்லுவாங்க. தனியா இன்னொரு நாள் செஞ்சா மறுபடி முழுக்கூலி கொடுக்கணும். ஆனா ஒரே தடவை இறக்கிட்டு ரெண்டு வேலைக்கும் இறக்கின கூலி போட்டா, செய்யாத வேலைக்குக் காசு கொடுத்த மாதிரி. மௌண்டிங் அதைவிடச் சுலபம். அதைக் கழட்டாம கியர்பாக்ஸை இறக்கவே முடியாது. திரும்ப மாட்டும்போது பழசுக்குப் பதிலா புதுசை மாட்டுறதுதான் வேலை.

ஆக, கேட்க வேண்டிய கேள்விதான். கேட்ட விதம்தான் கோணலாப் போச்சு.

அன்னைக்கு ராத்திரியே எங்க குழு தம்பி ஒருத்தர் பில்லைப் படம் புடிச்சு, பட்டறை பேர் தெரியுற மாதிரியே, "கோவில் காசைத் தின்னவன் உருப்பட மாட்டான்"னு எழுதி ஒரு குழுவுல போட்டுட்டார். நல்ல பிள்ளை, தைப்பூசத்துல மூனு நாள் தூங்காம வேலை செய்யுற பிள்ளை. கோவில் காசுன்னதும் ரத்தம் கொதிச்சிருச்சு. விடியறதுக்குள்ள அது ஏழெட்டுக் குழுவுக்குப் போயிருச்சு. கூடவே இன்னொரு கணக்கும் ஒட்டிக்கிச்சு: "வெளியில 250 வெள்ளி கூலிதான், இவன் 780 வாங்கியிருக்கான்."

அந்த 250 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எங்கள்ல ஒருத்தர் வேற பட்டறைக்குப் போன் போட்டு, "கிளட்ச் மாத்த கூலி எவ்வளவு?"ன்னு கேட்டிருக்கார். என்ன வண்டின்னு அவரும் சொல்லல, அவங்களும் கேட்கல. அது சின்னக் காருக்கு உள்ள கூலி. ஹையேஸ் வேனுக்கு இல்ல.

அப்புறம் ஒழுங்கா ரெண்டு இடத்துல போய்க் கேட்டோம். வண்டி மாடல், என்னென்ன மாத்தினது எல்லாம் தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போனோம். ஒருத்தர் கிளட்ச் கூலி 400, கியர்பாக்ஸ் இறங்கியிருந்தா சீலுக்கு 80 சேர்த்துப் போடுவேன்னார். இன்னொரு தவுக்கே 450, சீலுக்குத் தனியா வாங்க மாட்டேன்னார். மௌண்டிங்குக்கு ரெண்டு பேருமே கூலி சொல்லல. அப்ப 380ங்கிறது நியாயமான கூலிதான், சொல்லப்போனா கம்மி. இடிச்சது அந்த 320-ம் 80-ம் தான்.

நேரம் பத்தியும் ஒரு பேச்சு கிளம்புச்சு. "நாலு மணி நேரத்துல முடிச்சிட்டு ஆறு மணி நேரக் கூலி வாங்கியிருக்கான்"னு. இதை நாங்க ஒத்துக்கல. தொழிற்சாலையில லைன் பார்க்கிறவங்களுக்கு இது நல்லா தெரியும். ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம்னு முன்னாடியே கணக்கு வச்சிருப்போம். கைப்பழக்கம் உள்ளவர் சீக்கிரம் முடிப்பார், புது ஆளு இழுப்பார். பல பட்டறையிலயும் அப்படித்தான், வேலைக்குக் கூலி, கடிகாரத்துக்கு இல்ல. ஆறு மணி நேர வேலையை எட்டு மணி நேரம் செஞ்சாலும் நம்மகிட்ட ஆறுக்குத்தான் வாங்குவாங்க. சீக்கிரம் முடிச்சா மட்டும் குறைச்சுக் கேக்குறது நியாயமில்ல.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்னு ஒருத்தர் சொன்னார். அதையும் தெரிஞ்சு வச்சிக்குங்க, சொந்தக் காருக்கு எப்பவாவது உதவும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைஞ்சது. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. ஆனா பில் போட்டவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அங்க போறது முறை இல்லன்னு பொருளாளர் அக்கா சொல்லிட்டாங்க.

திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு நாங்க மூனு பேர் பட்டறைக்குப் போனோம். அவர் கைப்பேசியில அந்தப் படம் ஏற்கனவே இருந்துச்சு. அவர் கத்தியிருந்தா நமக்கு லேசா இருந்திருக்கும். கத்தல. "உக்காருங்கண்ணே"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பழைய சாமானைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டார். பார்க்கல. வேன் பின் சீட்டுக்குக் கீழ ஒரு அட்டைப்பெட்டியில போட்டுக் கொடுத்திருக்கார். அது மூனு நாளா அங்கேயே இருந்திருக்கு. அதுமேலதான் அரிசி மூட்டையை ஏத்தி அன்னதானமே முடிச்சிருக்கோம்! எடுத்துப் பிரிச்சோம். கிளட்ச் பிளேட் ஆணி வரைக்கும் தேஞ்சு கிடந்துச்சு. சீல் ரப்பர் விறைச்சுப் போய், அமுக்கினா விரிசல் விட்டுச்சு. மாத்தவேண்டியதைத்தான் மாத்தியிருக்கார்.

பில்லைக் காட்டிக் கேட்டோம், "அண்ணே, இந்த ரெண்டு வரியிலயும் கியர்பாக்ஸ் இறக்குற கூலி இருக்கே?" வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசல. பிறகு கணக்குப் புள்ளையைக் கூப்பிட்டார். அந்தப் பொண்ணு கணினியில ஒவ்வொரு வேலைக்கும் பதிஞ்சு வச்சிருக்கிற கூலியை அப்படியே தட்டியிருக்கு. சீல் வேலையைத் தனியா செஞ்சா 320, அதுதான் அதுல இருக்கு. சேர்த்துச் செஞ்சா குறைக்கணும்னு அதுக்குத் தெரியாது. அவரும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார். "என் தப்புதான்"னார். இதுக்கு முன்னால எத்தனை பேர் பில் இப்படிப் போயிருக்கும்னு நாங்க மனசுல நினைச்சோம், வாய் விட்டுக் கேட்கல. அவரே அந்தப் பொண்ணுகிட்ட, "பழைய பில்லை எல்லாம் எடுத்து வை"ன்னார்.

அதோட விடல. ஃப்ளைவீலைக் கழட்டிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டு போய் தேய்ச்சு வாங்கி வந்ததுக்கு, கடைசல்காரருக்குக் கொடுத்த 120 வெள்ளியை மட்டும்தான் பில்லுல போட்டிருந்தார். போய் வந்ததுக்கும் மாட்டினதுக்கும் கூலி இல்ல. ஒரு போல்ட் துருப்பிடிச்சு உடைஞ்சு போய், அதை எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சாம். அதுவும் பில்லுல இல்ல. "கோவில் வண்டிங்கிறதால போடல"ன்னார். கேட்கும்போது எங்களுக்குத் தலை நிமிரல.

முடிவுல சீல் கூலி 120 ஆச்சு, மௌண்டிங் கூலி எடுத்தாச்சு. 280 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். பில்லைத் திருத்தி 1,540 வெள்ளிக்குப் புதுசா கொடுத்திருக்கார். ரெண்டு பில்லும் அலுவலகத்துல இருக்கு, எந்த உபயக்காரரும் வந்து பார்க்கலாம். சீலுக்கு 120 இன்னும் கொஞ்சம் கூடத்தான்னு எங்கள்ல ஒருத்தர் இப்பவும் சொல்றார். அந்த உடைஞ்ச போல்ட்டை நினைச்சு நாங்க விட்டுட்டோம்.

காசு விஷயம் அதோட முடிஞ்சது. முடியாதது ஒன்னு இருக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூணோரமா உக்காந்து பூ கட்டுவாங்களே ஒரு அம்மா, அவங்க அந்த அண்ணனோட தாயார். பல பேருக்குத் தெரியாது, நம்ம தம்பிக்கும் தெரியாது. அவங்க பேத்தி கைப்பேசியில அந்தப் படத்தைப் பார்த்து வாசிச்சுக் காட்டியிருக்கு. ரெண்டு வெள்ளிக்கிழமை அவங்க வரல. கால் வலின்னு நினைச்சோம்.

பிரசாதம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனோம், படம் போட்ட தம்பியையும் கூட்டிக்கிட்டு. "எவ்வளவு கூட வாங்கிட்டான்?"னு கேட்டாங்க. 280 வெள்ளிம்மா, கணக்குல வந்த தவறு, அன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டார்னு சொன்னோம். "கொடுத்துட்டானா?"ன்னு இன்னொரு தடவை கேட்டாங்க. கொடுத்துட்டார்னு மறுபடி சொன்னோம். தம்பி கால்ல விழுந்தார். அவங்க தலையைத் தொட்டு, "பசியாறிட்டியாய்யா?"ன்னு கேட்டாங்க. வேற ஒன்னும் சொல்லல. கோவிலுக்கு எப்ப வர்றீங்கன்னு நாங்களும் கேட்கல.

இனிமே கோவில் வண்டி எந்தப் பட்டறைக்குப் போனாலும் உதிரி பாகம் தனி, கூலி தனின்னு எழுதி வாங்கிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். இடையில கூடுதல் வேலைன்னு போன் வந்தா, "இறக்கினதோட சேர்த்துச் செஞ்சா கூலி எவ்வளவு?"ன்னு கேட்டு, பதிலைப் புலனத்துல எழுத்துல அனுப்பச் சொல்வோம். நம்ம ஆளா இருந்தாலும் சரி.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அந்தப் படம் உங்க கைப்பேசியில இன்னும் இருந்தா தயவுசெய்து அழிச்சிடுங்க. யாருக்காவது அனுப்பியிருந்தா, இந்தப் பதிவையும் அவங்களுக்கு அனுப்பி வைங்க.

வெள்ளிக்கிழமை பூ அஞ்சு மணிக்கு வந்துரும். கட்ட ஆள் குறைவா இருக்கு. வர முடிஞ்சவங்க வாங்க.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு