முரகாமியின் டோரேமான்: முழுத்தொகுதி என்பது எது?

2017-இல் டோக்கியோவின் ரொப்பொங்கியில் தொடங்கிய டோரேமான் கண்காட்சிக்காக, ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ படைத்த நீலநிற இயந்திரப் பூனையைத் தம் சிரிக்கும் பூக்களின் நடுவே நிறுத்திய ஜப்பானியக் கலைஞர் தகாஷி முரகாமி, அதைத் தொடர்ந்து வெளியிட்ட அச்சுப்படிகள், உயர்கலையையும் மாங்கா எனப்படும் சித்திரக்கதையையும் ஆழமற்ற ஒரே தளத்தில் சமமாக வைக்கும் 'சூப்பர்ஃபிளாட்' என்னும் அவரது கொள்கைக்குத் தெளிவான சான்றுகளாகும். ஃபுஜியோ 1996-இலேயே மறைந்துவிட்டதால், இவற்றை ஒருவர் பங்கு மௌனமாக அமைந்த கூட்டுப்படைப்புகள் என்றே கொள்ள வேண்டும். இவ்வச்சுப்படிகளில் கையொப்பத்துடன் இடப்படும் 45/300 போன்ற பின்னத்தில் கீழெண் மொத்தப் படிகளையும், மேலெண் அப்படியின் வரிசையையும் குறிப்பதால், ஒரு தொடரின் எல்லாப் படங்களும் ஒரே மேலெண்ணில் அமைந்தால்தான் அது முழுத்தொகுதி என வாதிடும் சேகரிப்பாளர்கள் உண்டு. விற்பவர்களுக்கு இவ்வாதம் மிகவும் வசதியானது. ஆயினும் வெயிலில் வெளிறிய ஒரு படி, எண் பொருந்தினாலும் தொகுதியைக் கெடுத்துவிடும் என்பதால், எண்ணைவிட மையின் நிலையே முதன்மையானது.