இரு நகரங்களும் ஒரு தமக்கையும்

எந்த ஊருக்குச் செல்வது என்னும் வினா எளியது போலத் தோன்றும். கையிலுள்ள நாட்கள் குறையும்போதுதான் அதன் கடுமை புலப்படும். ஒரு மாதம் கையில் உள்ளவர் இரு நகரங்களையும் காணலாம். நான்கே நாள் உள்ளவர் ஒன்றைக் காண்பதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குமுன், நமக்கு நான்கு நாள் ஓய்வு வாய்த்தது. நம் தமக்கையாரை உடன் அழைத்துச் செல்வதென முடிவு செய்தோம். அவர் அறுபதைக் கடந்தவர். படுக்கையில் கிடந்த நம் அன்னையைப் பதினோர் ஆண்டுகள் பேணியவர். 2024-இல் அன்னை இறைவனடி சேரும்வரை ஓர் இரவுகூட வீட்டைவிட்டு வெளியே தங்காதவர். அவருக்கு ஒரு நல்ல ஊரைக் காட்டுவது நம் நெடுநாள் கடன். கோவாவா, கொச்சியா என்பதே வினா.

எதையும் இரு தரப்பாக வைத்து வாதிடும் பழக்கம் குருமடத்தில் நம்மைப் பற்றிக்கொண்டது. ஒரு தாளை நடுவே மடித்து இருபுறமும் எழுதினோம். கோவாவின் பக்கம் முதலில் நிறைந்தது. 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் மறைந்த புனித சவேரியாரின் உடல் 1554-இல் வந்து சேர்ந்த நகர் அது. அவ்வுடலைத் தாங்கும் போம் ஜேசு பேராலயம் 1605-இல் அர்ச்சிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் பொதுக்காட்சி அவ்வாண்டு ஜனவரி 5-இல்தான் முடிந்திருந்தது. ஆகவே உடலை அருகில் காண இயலாது. எனினும் கூட்டமின்றி அமைதியாக வேண்டலாம் என்று அதையும் ஒரு நன்மையாகவே குறித்தோம்.

கொச்சியின் பக்கத்தில், 1524-இல் வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் ஆலயம், 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக்கூடம், சீன வலைகள் ஆகியவற்றை எழுதினோம். தொலைவு கொச்சிக்கே சாதகம். கோவா சென்று திரும்பினால் நான்கு நாட்களில் ஏறத்தாழ இரண்டு ரயிலிலேயே கழியும். தமக்கையாருக்கோ முழங்கால் வலி. ஆயினும், செபமாலை கைவிடாத ஒருவருக்குக் கோவாவே ஏற்றது எனத் தீர்ப்பளித்தோம்.

தீர்ப்பை அவரிடம் கூறியபோது, "உனக்கு எது தோதுபடுமோ அங்கேயே போகலாம் தம்பி" என்றார். அதை உடன்பாடு என்று கொண்டோம்.

பயணச்சீட்டுப் பதிவுக்காக மறுநாள் அவருடைய வயதைக் கேட்டோம். வயதைச் சொன்னவர், சற்றுத் தயங்கி, "கொச்சி ரொம்பத் தூரமோ தம்பி?" என்றார். இல்லையே, ஓர் இரவுப் பயணம்கூட இல்லையே என்றோம். "சவேரியார் நமக்குக் கோட்டாற்றிலேயே இருக்காரே. அப்பா வேலை பார்த்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்."

நமக்குப் பேச்சு எழவில்லை. நம் தந்தை மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு, மிளகுக் கிட்டங்கியில் தராசடியில் நின்று பதினான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினார். அங்கிருந்து மாதந்தோறும் வந்த மணியார்டரில்தான் நம் பள்ளிக் கட்டணம் செலுத்தப்பட்டது. 1524-இல் அங்கே புதைக்கப்பட்ட மாலுமி நம் தாளில் இருந்தார். நம் தந்தை இல்லை.

கொச்சிக்கே சென்றோம். எர்ணாகுளத்திலிருந்து படகில் கடந்தபோது, துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவைக் காட்டி விளக்கினோம். தமக்கையார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவர் கண்கள் அக்கரையிலேயே இருந்தன.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் பழைய கிட்டங்கிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவற்றுள் தந்தை நின்ற கிட்டங்கி எது என்று இருவருக்கும் தெரியாது. சில கதவுகள் பூட்டிக் கிடந்தன. சில கடைகளாக மாறிவிட்டன. திறந்திருந்த ஒன்றின் முன் தமக்கையார் திடீரென நின்றார். உள்ளே சாக்கு மூட்டைகள். காற்றில் சுக்கின் காரநெடி.

"அப்பா பெட்டியைத் திறந்தா இந்த வாசந்தான் வரும். உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பிள்ளை."

நினைவில்லைதான். மணியார்டர் வந்த நாட்கள் மட்டுமே நமக்கு நினைவிலுண்டு. அந்தப் பணம் எந்த வாசனைக்கு நடுவே ஈட்டப்பட்டது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. தமக்கையார் கால்மணி நேரம் அங்கேயே நின்றார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அரைக்கிலோ சுக்கு வாங்கினார். "வடசேரிச் சந்தையில் கிடைக்காததா அக்கா?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

அடுத்த நாள் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் காமாவின் கல்லறை இருந்த இடத்தைக் காட்டி, 1539-இல் அவருடைய எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டதைக் கூறினோம். "பதினைஞ்சு வருசம் கழிச்சாவது ஊர் போய்ச் சேர்ந்தாரே" என்றார் தமக்கையார். நம் தந்தையும் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், நோயுற்ற உடலோடுதான் ஊர் திரும்பினார். இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

அன்பு வாசகரே, இரு ஊர்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் நிலை உங்களுக்கும் வரலாம். தாளை மடித்து எழுதுங்கள். தொலைவையும் நாட்களையும் கணக்கிடுங்கள். அது தேவையே. ஆனால், எழுதத் தொடங்குமுன் உடன் வருபவரைக் கேளுங்கள். "உன் விருப்பம்" என்று அவர் சொன்னால், அதையே விடையாகக் கொண்டு எழுந்துவிடாதீர்கள், சற்றுக் காத்திருங்கள். பல்லாண்டுகள் பிறர் தேவைக்கே செவிகொடுத்துப் பழகியவர்க்குத் தம் ஆசையை வாய்விட்டுச் சொல்ல நேரம் பிடிக்கும். பிறர் குறைகளைக் கேட்பதையே பணியாகக் கொண்ட நாம், நம் வீட்டில் ஒருவரைக் கேட்க அறுபது ஆண்டுகளைக் கடக்க விட்டோமே என்னும் வருத்தம் இன்னும் நீங்கவில்லை.

கோவா அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த ஓய்வில் காணலாம். தமக்கையார் தந்தனுப்பிய சுக்குப்பொடி மட்டும் தீரும் தறுவாயில் உள்ளது.