அந்தப் புள்ளைக்குப் பொறகு என்ன நடந்த?

கலாசாலையில் படித்த காலத்தில் எமது விடுதி அறையில் ஒரு புத்தகம் கை மாறிக் கொண்டே இருந்தது. சித்திரப் பாடம் பயின்ற நண்பர் ஒருவர் கொழும்பில் வாங்கி வந்த ஆங்கிலச் சித்திரக்கதை. பெயர் 'தி கில்லிங் ஜோக்'. பேட்மேனும் ஜோக்கரும் வரும் கதை. சின்ன வயதில் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வளர்ந்த எமக்கு, அந்தப் படங்களைக் கண்டதும் பேச்சே வரவில்லை.

முதலில் வந்தது 1988இல். கதை அலன் மூர், படம் பிரையன் பொலண்ட். ஐம்பது பக்கம்கூட இல்லை. முதல் கட்டத்தில் தேங்கிய தண்ணீரில் மழைத்துளி விழுகிறது. கடைசிக் கட்டத்திலும் அதே மழை. ஜோக்கர் இன்று எப்படி நிற்கிறானோ, அடுத்த கட்டத்தில் பல வருடத்துக்கு முந்திய அவனும் அப்படியே நிற்பான். காலம் மாறியதைச் சொல்ல எழுத்தே தேவைப்படாது. முதற்பதிப்பில் ஜோன் ஹிகின்ஸ் தீட்டிய நிறங்கள் கண்ணைப் பறிக்கும். 2008இல் பொலண்ட் தானே மறுபடி நிறம் தீட்டினார். பழைய நினைவுகள் வரும் பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகி, அங்கங்கே ஒரு சிவப்பு மட்டும் தெரியும். நண்பரிடம் இருந்தது இந்தப் பதிப்புத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போடலாம் என்று அன்று ஒரே குரலில் சொன்னோம்.

கடந்த வருடம் அதே புத்தகம் எமது கைக்கு மறுபடி வந்தது. ஓர் இரவு, மனைவிக்குப் படங்களைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னோம். சில பக்கங்களைக் காட்டாமலே புரட்டி விட்டோம். ஒரேயொரு மோசமான நாள் போதும், எந்த நல்ல மனிசனையும் பைத்தியமாக்கி விடலாம் என்று காட்ட நினைக்கிறான் ஜோக்கர். பொலிஸ் கமிஷனர் கோர்டனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். திறந்த மகள் பார்பராவைச் சுட்டு விடுகிறான். காயப்பட்டுக் கிடந்தவளைப் படம் பிடித்து, அந்தப் படங்களைத் தகப்பனுக்கே காட்டி வதைக்கிறான். ஆனால் கோர்டன் உடையவில்லை. சட்டப்படிதான் அவனைப் பிடிக்க வேண்டும் என்று பேட்மேனிடம் சொல்கிறார். கடைசியில் பேட்மேனும் ஜோக்கரும் ஒரு பகிடிக்குச் சேர்ந்து சிரிக்கிறார்கள். கதை முடிகிறது.

எல்லாவற்றையும் கேட்டு விட்டு மனைவி ஒன்றுதான் கேட்டார்.

"அதெல்லாம் சரி, அந்தப் புள்ளைக்குப் பொறகு என்ன நடந்த?"

நாம் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு காட்சி. அங்கேயும் அவள் வாப்பாவை நினைத்துத்தான் பதறுகிறாள். அதற்குப் பிறகு அவள் இல்லை. தகப்பன் எவ்வளவு தாங்குவார் என்று பார்க்க ஒரு மகள் தேவைப்பட்டாள், அவ்வளவுதான். இத்தனை வருடமாக அது எமது கண்ணில் படவேயில்லை. படம் அவ்வளவு அழகு.

பொலண்டைக் குறை சொல்லவில்லை. கொடுத்த கதைக்கு அவர் உயிரையே கொடுத்திருக்கிறார். ஜோக்கரின் பழைய வாழ்க்கை வரும் பகுதியில் மூரின் எழுத்தும் மனதைத் தொடும். ஆனால் இந்தக் கதையில் தனக்குத் திருப்தி இல்லை என்று மூரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்பராவை அப்படியே விட்டு விடாதவர்கள் வேறு இருவர்: கிம் யேல், ஜோன் ஒஸ்ட்ராண்டர் என்ற கணவன் மனைவி. 1989இல் அவர்களுடைய கதையில் அவள் 'ஒரகிள்' என்ற பெயரில் திரும்பி வந்தாள். சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினி வழியாகத் தகவல் திரட்டி மற்றவர்களுக்கு வழிகாட்டுபவளாக.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எமது பாடசாலையில் சித்திரக்கதைப் போட்டி நடந்தது. நடுவர்களில் நாமும் ஒருவர். வாளோடு பறக்கும் வீரனைப் பளபளவென்று வர்ணம் தீட்டிய மாணவருக்கு முதலிடம் கொடுத்தோம். அதில் கதை என்று ஒன்றும் இருக்கவில்லை. தரம் 8 மாணவி ஒருவர், சவூதிக்கு வேலைக்குப் போன உம்மா திரும்பி வரும் நாளைக் கலண்டரில் வெட்டி வெட்டி எண்ணும் ஒரு தம்பியின் கதையைப் பென்சிலால் வரைந்திருந்தார். கை கால் சரியாக அமையவில்லை. ஆறுதல் பரிசும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர் போட்டிக்கு வரவில்லை.

மனைவி அந்தக் கேள்வியைக் கேட்ட அடுத்த வாரம், அந்தக் கதை இன்னும் இருக்கிறதா என்று அந்த மாணவியிடம் கேட்டோம்.

"எறிஞ்சிட்டன் சேர்" என்றார்.

அந்தத் தம்பியின் உம்மா கடைசியில் வந்தாரா இல்லையா என்பதுகூட இப்போது எமக்கு நினைவில்லை. படத்துக்குப் புள்ளி போட்ட அவசரத்தில் கடைசிப் பக்கத்தை ஒழுங்காக வாசிக்கவில்லை.

இம்முறை புள்ளித்தாளை மாற்றியிருக்கிறோம். படத்துக்கும் கதைக்கும் சரிபாதி. வாசித்து முடிக்காமல் யாரும் புள்ளி போடக் கூடாது. அந்த மாணவியிடமும் மறுபடி வரையச் சொல்லியிருக்கிறோம். இன்னும் பதில் சொல்லவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஏதாவது வரைந்து கொண்டு வந்து காட்டினால் "வடிவா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.