இதே மாதிரி எட்டு போல்ட்

ராஜபாளையத்தில் எந்த ஹார்டுவேர் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கிரீஸ் அப்பிய பழைய போல்ட் ஒன்றை மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இதே மாதிரி எட்டு குடுங்க" என்பார் ஒருவர். கடைக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவில் கைவிட்டு எடுத்துத் தருவார். அந்த இடத்துக்கு உண்மையில் எந்த சைஸ் போட வேண்டும் என்று யாரும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடும். வில்லங்கமே அங்கேதான்!

ஏனென்றால் இதே மாதிரி ஒரு விமானத்துக்கும் போல்ட் எடுத்திருக்கிறார்கள். 1990 ஜூன், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில் பைலட்டுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டும். ராத்திரி ஷிப்டில் ஆள் குறைவு என்பதால் ஷிப்ட் மேனேஜரே வேலையில் இறங்கிவிட்டார். கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் அங்கே போதுமான ஸ்டாக் இல்லை. விமான நிலையத்தின் இன்னொரு மூலையில் இருந்த ஸ்டோருக்கு வண்டியை விட்டார். அங்கே வெளிச்சமும் சரியில்லை, ஆளும் இல்லை. பழையதையும் புதியதையும் கண்ணால் ஒப்பிட்டு எடுத்து வந்தார்.

மொத்தம் 90 போல்ட். அதில் 84 போல்ட்டுகள் 0.66 மில்லிமீட்டர் மெலிசு. மீதி ஆறும் நீளம் குறைவு. அத்தனையையும் சிரத்தையாக முடுக்கினார், பாவம். தானே செய்த வேலையைத் தானே சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டார். இந்தக் கண்ணாடிக்கு இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று அப்போது விதி இல்லை.

ஜூன் 10 காலையில் 81 பயணிகளோடு ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே உறிஞ்சப்பட்டார். விமான ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துத் தொங்க, துணை விமானி அலஸ்டர் அட்ச்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். செத்துவிட்டார் என்று நினைத்த கேப்டன்கூட பிழைத்து, சில மாதங்களில் மறுபடி பறக்கப் போய்விட்டார்.

பி.காம். மக்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஐந்து மார்க்குக்கு எழுதுவோமே, அது! பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கும் அதே கதைதான். தேரைப் பராமரிக்கிறவர்கள் "எல்லாம் சரியா இருக்கு" என்றால் மட்டும் போதாது, பொதுப்பணித்துறைப் பொறியாளர்களும் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். தரையில் ஊர்ந்து போகிற தேருக்கே இவ்வளவு.

நம் நாட்டு விமானங்களுக்கு டிஜிசிஏ இருக்கிறது. 2022 ஜூலையில் அவர்கள் திடீர் சோதனை நடத்தியபோது, அடுத்தடுத்து வரும் விமானங்களைப் பார்த்துச் சான்றளிக்கத் தகுதியான ஆட்கள் போதுமான அளவில் இல்லை என்று தெரியவந்தது. பழுதுக்கான காரணத்தையும் சில இடங்களில் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. 2025 ஜூனில் டெல்லி, மும்பை போன்ற பெரிய விமான நிலையங்களில் பார்த்தபோது, சரிசெய்ததாகச் சொன்ன பழுதே பல விமானங்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. சில பழுதுகள் பதிவேட்டில் ஏறவே இல்லை. டயர் தேய்ந்திருந்த ஒரு விமானத்தை நிறுத்தி வைத்து, சரிசெய்த பிறகுதான் விட்டார்கள். பஸ் டயர் வழவழவென்று இருந்தால் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலேயே யாராவது கண்டக்டரிடம் சத்தம் போட்டுவிடுவார்கள். விமானத்தில் ஏறுகிறவர் குனிந்து டயரையா பார்க்கப் போகிறார்?

பர்மிங்ஹாம் கதையில் ஒரு விஷயம் பாக்கி. முதலில் போன ஸ்டோரில் இருந்தவர் அந்தக் கண்ணாடிக்கு வேறு சைஸ் போல்ட்தான் வரும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார். மேனேஜர் கேட்கவில்லை. கையில் கழற்றிய போல்ட் இருக்கும்போது எதற்கு வேறு சைஸ்? ஆனால் ஸ்டோர்காரர் சொன்னதுதான் சரி. கழற்றிய பழைய போல்ட்டுகளில் பெரும்பாலானவையே தப்பான சைஸ், நீளம் குறைவு. அவற்றோடுதான் அந்த விமானம் அதுவரை ஒரு குறையும் இல்லாமல் பறந்துகொண்டிருந்தது.