மல்லி மணக்காத மூக்கு

நிலக்கோட்டையில் இருந்துகொண்டு மல்லிகை வாசனை தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விடிவதற்குள் மூட்டை மூட்டையாக மல்லியும் முல்லையும் பூ மார்க்கெட்டில் வந்து இறங்கும் ஊர். விலை சரியும் நாளில் பூவை வாங்கிக்கொள்ள சென்ட் ஃபேக்டரிகள் இருக்கும் ஊர். அந்த ஊரில்தான் 52 வயது தச்சர் ஒருவர், திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் ஒரு நாள் காலையில் கேட்டார்:

“இன்னிக்குப் பூ எங்க வாங்குன? வாசமே இல்லையே?”

மனைவி நிமிர்ந்து பார்த்தார். “தெருவே மணக்குது. உங்களுக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கு.”

சளி என்று நினைத்து ஆவி பிடித்தார். ஒரு வாரம் போனது. சளி இல்லை, வாசனையும் இல்லை. வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் புது மெஷின் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவருடைய அப்பாவும் தச்சர்தான். இதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கை ரம்பத்தால் பூவரசும் வேம்பும் அறுத்து, ஏர்க்கலப்பையிலிருந்து கதவு நிலை வரை செய்தவர். ரம்பம் அறுக்கும்போது விழும் தூள் அவர் காலடியிலேயே குவியும். இழைப்புளிச் சுருளை அம்மா அள்ளிக்கொண்டுபோய் அடுப்புப் பற்றவைப்பார். அந்தத் தூள் முழங்காலுக்கு மேலே எழும்பியதில்லை.

மகன் இருபது வருடங்களுக்கு மேல் மதுரையில் கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தார். தினமும் பஸ், மாலையில் முழங்கால் வலி. போதும் என்று முடிவெடுத்து, சீட்டு எடுத்த பணத்தில் 10 அங்குல பிளேடு போட்ட ஸ்லைடிங் மைட்டர் சா ஒன்றை வாங்கினார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி கொட்டகைதான் இனி பட்டறை. மதியச் சாப்பாடு வீட்டில். அதுதான் அவருடைய கனவு.

முதல் வேலை, பக்கத்துத் தெரு வீட்டுக்குச் சாமி படங்களுக்கான சட்டங்கள். மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, 45 டிகிரிக்குத் திருப்பி அறுத்தார். மூன்று மூலைகள் ஒட்டிக்கொண்டன. நான்காவது மூலை வாயைப் பிளந்தது.

கணக்கு எளிதுதான். ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலைக்கு வரும்போது நாலு டிகிரி. “நாலாவது மூலையிலதாண்டா ஆசாரியோட மானம் இருக்கு” என்று அப்பா சொல்வது ஞாபகம் வந்தது. சட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மெஷினைச் சரிபார்க்க உட்கார்ந்தார். அதற்கு இரண்டு முழு நாள் ஆனது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். மூலைமட்டத்தை வேலி என்று அவர் சொல்லும் பின்தடுப்பில் சாய்த்து, பிளேடின் உடலோடு ஒட்டவைத்துப் பார்த்தார். பல்லின் மேல் மட்டம் படக் கூடாது. பல்லின் நுனி உடலைவிடச் சற்றுப் புடைத்திருக்கும், அளவு பொய் சொல்லும். வேலியின் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து முடுக்கினார்.

பிறகு வெட்டியே சோதித்தார். நேரான பலகை ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டு முனையையும் மறுபடி சேர்த்து வைத்தார். நடுவில் தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி. மெஷினின் பிசகு எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு அந்த இடைவெளியில் தெரியும். கண்ணால் பார்த்தே திருத்தலாம். இடைவெளி மறையும்வரை ஐந்து முறை வெட்டினார்.

அடுத்து மேஜை. நீளமான பலகையின் மறுமுனை தொங்கினால் வெட்டும் கோணலாகும், பிளேடையும் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு பக்கமும் மெஷின் தட்டின் உயரத்துக்கே தாங்கு பலகைகள் அடித்தார். மெஷினோடு வந்த குறைந்த பல் பிளேடைக் கழற்றிவிட்டு, 60 பல் பிளேடு மாட்டினார். மறுபடி சட்டம் அறுத்தபோது நான்கு மூலைகளும் ஒன்றாக மூடிக்கொண்டன. அன்று இரவு மெஷினை ஒரு துணியால் மூடிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார். பாதிதான் சரியாகியிருந்தது.

அந்த பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,800 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் பல்லின் நுனி மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தைக் கிழிக்கிறது. கொடைரோடு வழியாகப் போகும் எந்த ரயிலும் அந்த வேகம் தொட்டதில்லை. கை ரம்பம் மரத்தைத் துருவியது. இது மாவாக அரைக்கிறது. கனமான தூள் கீழே விழுந்துவிடும். மாவு விழாது, மிதக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கொட்டகையில் மிதந்ததில் பெரும்பகுதி 10 மைக்ரானுக்கும் கீழே. பெருக்கினால் மறுபடி எழும்பும். தரையில் தெரிந்த குவியலை அவர் தினமும் அள்ளினார். தெரியாததைத் தினமும் சுவாசித்தார்.

தூள் வீட்டுக்குள்ளும் வந்தது. ஈரத் துணியில் சுற்றிவைத்த மொட்டுகளின் மேல் பழுப்பாகப் படிந்தது. “கட்டுன சரத்தை உதறிட்டுக் குடுக்க வேண்டியிருக்கு” என்றார் மனைவி. கொட்டகைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினார். கொட்டகை கொஞ்சம் தெளிந்தது. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: “ஏண்ணே, துவைச்சுக் காயப்போட்ட வேட்டியை மறுபடியும் துவைக்கணுமா?”

ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். மூக்கு அடைத்தது அதற்குப் பிறகுதான்.

திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கும் மகள் வார விடுமுறைக்கு வந்தபோது விஷயம் வெளியே வந்தது. மகள் சாம்பாரைக் கொதிக்கவிட்டுக் கேட்டாள்: “பெருங்காய வாசம் தெரியுதாப்பா?” அவர் தலையாட்டினார். அன்று சாம்பாரில் பெருங்காயமே போடவில்லை.

அடுத்த நாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன வேலை பார்க்குறீங்க?” இரண்டாவது கேள்வி, “எத்தனை வருஷமா?” மெல்லிய குழாய் வைத்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்தோல் வீங்கியிருக்கு. தூசி ஒவ்வாமை. இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா மருந்து பாதி, தூசியை நிறுத்துறது பாதி.” ஒரு பக்க மூக்கு மட்டும் நாள்கணக்கில் அடைத்தாலோ ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிகளுக்குப் பெயர்போனது. 1960-களில் அந்த வட்டாரத்து மருத்துவர்கள், மிக அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் அங்குள்ள மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள். 1968-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கும் அதே வகை. நோய் அரிது, வர பல பத்தாண்டுகள் ஆகும். ஆனால் தச்சருக்கு அந்தப் பத்தாண்டுகளில் இரண்டு ஏற்கெனவே முடிந்திருந்தன. பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் அறுக்கும்போது பசையின் தூளும் சேர்ந்தே பறக்கிறது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் தூசிக்கென்றே ஒரு பிரிவு இருந்தது: தூசி கிளம்பும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே அதை உறிஞ்சி அகற்ற வேண்டும். வீட்டுக் கொட்டகையில் தனியாக வேலை பார்ப்பவரைத் தேடி அந்தச் சட்டம் வந்ததில்லை. ஆனால் செய்ய வேண்டியதை அந்த ஒரே வரி சொல்லிவிட்டது. அறை முழுக்கப் பரவிய பிறகு விரட்டுவதில் பயனில்லை. பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

மெஷினின் முதுகில் தூள் வெளியேற ஒரு சின்னக் குழாய் உண்டு. வீட்டு வேக்குவம் கிளீனரை அதில் மாட்டிப் பார்த்தார். கொஞ்சம் பிடித்தது. மீதி பிளேடின் பின்னால் விசிறியடித்தது. மைட்டர் சாவில் இதுதான் தொல்லை: வெட்டும் கோணம் மாற மாற, தூள் தெறிக்கும் திசையும் மாறும். போதாததற்குப் பத்து நிமிடத்தில் வேக்குவத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மோட்டார் கத்தியது, காற்று இழுக்கவில்லை.

வேக்குவம் இளநீரில் போடும் ஸ்ட்ரா மாதிரி. சின்ன ஓட்டையில் பலமாக இழுக்கும், அவ்வளவுதான். பரவலாகப் பறக்கும் தூளுக்கு மதகு திறந்தாற்போல நிறையக் காற்று நகர வேண்டும். அதற்கென்று இருக்கும் டஸ்ட் கலெக்டர் ஒன்றைப் பழைய விலைக்குத் தேடி வாங்கினார்.

மெஷினுக்குப் பின்னால் மீந்துபோன பிளைவுட்டில் ஒரு கூண்டு செய்தார். இரண்டு பக்கம், ஒரு கூரை, கீழே சரிவு. சரிவு முடியும் இடத்தில் நாலு அங்குல பி.வி.சி. பைப். பிளேடு எந்தக் கோணத்தில் திரும்பினாலும் தூள் கூண்டின் வாய்க்குள்தான் விழ வேண்டும். பைப்பைச் செங்குத்தாக ஒடிக்காமல், இரண்டு 45 டிகிரி வளைவு போட்டுத் திருப்பினார். சட்டென்று திரும்பினால் காற்றின் வேகம் குறையும்.

நடுவில் மூடி இறுக்கிய நீல டிரம் ஒன்று. காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது கனமான தூள் ஓரத்தில் மோதி டிரம்முக்குள் விழுந்துவிடும். நைசான தூள் மட்டும் வடிகட்டிக்குப் போகும். அதனால் வடிகட்டி சீக்கிரம் அடைப்பதில்லை. கலெக்டரோடு வந்த துணிப்பை நைசான தூளைக் கசியவிட்டது. அதைக் கழற்றிவிட்டு மடிப்புக் காகித வடிகட்டி போட்டார். கலெக்டரையே கொட்டகைக்கு வெளியே, பக்கத்து வீட்டுக் கொடிக்கு எதிர்ப்புறம், சின்னச் சாய்ப்பு இறக்கி வைத்தார்.

இரண்டு மோட்டாரும் ஒரே லைனில் ஓடினால் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். தனித்தனி லைன் இழுத்து எர்த்தும் போட்டுக் கொடுத்தார். முதலில் கலெக்டர், அது வேகம் பிடித்த பிறகு ரம்பம். வெட்டி முடித்ததும் ரம்பத்தின் தலையை உடனே தூக்காமல், பிளேடு நிற்கும்வரை அப்படியே பிடித்திருப்பார். கலெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

அப்படியும் எல்லாத் தூளும் போய்விடாது. அதனால் மகள் வாங்கிக் கொடுத்த என்-95 மாஸ்க். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும் என்று அவள் சொன்னதால், பழனிக்கு முடி கொடுப்பதற்காக வளர்த்த தாடியை முன்கூட்டியே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். விளக்குமாறு கொட்டகைக்குள் வருவதில்லை, ஈரத் துணிதான். சட்டையை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வேம்பு, மா மரத்தூளை மட்டும் தருகிறார். பிளைவுட் தூளைத் தனிச் சாக்கில் கட்டிவிடுகிறார்.

கொட்டகைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அதன் வழியே ஒரு வெயில் கோடு உள்ளே விழும். முன்பெல்லாம் அந்தக் கோடு கையால் பிடிக்கலாம்போலத் தடியாக, வெள்ளையாக நிற்கும். இப்போது ஒரு முழு நாள் வேலைக்கு நடுவிலும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டையை அவர் அடைக்கவில்லை. அவருக்கு அதுதான் மீட்டர்.

மூக்கு உடனே திறக்கவில்லை. மருந்து மூன்று மாதம். சில நாள் டீ மணக்கும், சில நாள் மணக்காது. மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

வைகாசியில் ஒரு விடியற்காலை. வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிக் கேட்டார்:

“என்ன, பூ வந்திருச்சா?”

மனைவி அப்போதுதான் வாசலில் பையை வாங்கிக்கொண்டிருந்தார். முடிச்சு இன்னும் அவிழ்க்கவில்லை. பதில் சொல்லாமல் பையோடு பின்கட்டுக்கு நடந்துவந்து, அவர் கையில் இருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு கை மொட்டை அள்ளி உள்ளங்கையில் போட்டார்.

அவர் கொஞ்ச நேரம் கையை மூக்கருகே வைத்திருந்தார். பிறகு மொட்டுகளை ஒன்றுவிடாமல் பையிலேயே திரும்பப் போட்டார். கட்டிக் கொடுக்க வேண்டிய பூ அல்லவா.